மெஸ்ஸி எந்த அணி? நாடுகள் மோதும் கால்பந்து, புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

கால்பந்தை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்தவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். மெஸ்ஸி எந்த அணி என்று கேட்டால் ஒருவர் அர்ஜென்டினா என்பார், இன்னொருவர் இன்டர் மயாமி என்பார், பழைய ரசிகர் ஒருவர் பெருமூச்சு விட்டுவிட்டு பார்சிலோனா என்பார். மூன்றும் சரிதான், பார்சிலோனா மட்டும் அவருடைய பழைய கிளப். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுவது கிளப்புக்கு, அழைப்பு வரும்போது போய் ஆடுவது நாட்டுக்கு. ஐபிஎல்லில் சென்னைக்கும் அப்புறம் இந்தியாவுக்கும் ஆடுவது போலத்தான், ஆனால் அளவு தலைகீழ். கிரிக்கெட்டில் ஐபிஎல் இரண்டு மாதம், மீதி நாளில் நாட்டு அணிதான் பெரிது. கால்பந்தில் ஆண்டின் பெரும்பகுதி கிளப்புக்கே போய்விடும், நடுநடுவே சில நாட்கள்தான் நாட்டுக்கு. அந்தச் சில நாட்களுக்கென்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஒரு நாட்காட்டி போட்டு வைத்திருக்கிறது, அந்தத் தேதிகளில் நாடு கூப்பிட்டால் கிளப் ஆளை அனுப்பியே ஆக வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கிளப்பில் பணம் இருந்தால் யாரையும் வாங்கலாம். 2017இல் நெய்மரை பார்சிலோனாவிடமிருந்து எடுக்க பாரிஸ் கிளப் கொடுத்தது 22 கோடியே 20 லட்சம் யூரோ. நாட்டு அணியில் அந்த வேலை நடக்காது. நல்ல கோல்கீப்பர் இல்லையா, இல்லைதான், இருக்கிறவரை வைத்துக்கொண்டு ஆட வேண்டியதுதான். 140 கோடிப் பேர் இருக்கும் சீனாவின் ஆண்கள் அணி உலகக் கோப்பைக்கு வந்தது ஒரே ஒரு முறை, 2002இல். மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பியது. 40 லட்சம் பேர்கூடத் தேறாத குரோஷியா 2018இல் இறுதிப்போட்டி ஆடியது, 2022இல் மூன்றாம் இடம் பிடித்தது. ஆட்டத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்தான் மேல், இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆண்டு முழுக்கச் சேர்ந்து பயிற்சி எடுக்கும் அணியும் பத்து நாள் கூடி ஆடும் அணியும் ஒன்றாகிவிட முடியாது. ஆனாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, கால்பந்தே பார்க்காதவர்களையும் டிவி முன்னால் உட்கார வைப்பது நாட்டு அணிகள்தான்.

ஆளை வாங்க முடியாது என்றேன், ஆனால் தேட முடியும். நாட்டின் குடியுரிமை இருக்க வேண்டும். அதோடு அங்கே பிறந்திருந்தாலோ, அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருந்தாலோ, பொதுவாக 5 ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தாலோ ஆடலாம் என்பது விதியின் சுருக்கம். உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி, 2022இல், மொராக்கோ. அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஸ்பெயினை பெனால்டியில் வெளியேற்றிய கடைசி உதை அஷ்ரஃப் ஹக்கீமியுடையது, அவர் பிறந்து வளர்ந்தது ஸ்பெயினின் மாட்ரிட்டில். குடும்பத்துக்குள்ளேயே நாடு பிரிந்துபோவதும் உண்டு: ஜெரோம் போவாட்டெங் ஜெர்மனிக்கு ஆட, அண்ணன் கெவின் பிரின்ஸ் கானாவுக்கு ஆடி, 2010 உலகக் கோப்பையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். வில்லியம்ஸ் சகோதரர்களில் இன்யாக்கி கானா, தம்பி நிக்கோ ஸ்பெயின்.

சரி, உலகக் கோப்பைக்கு எப்படிப் போவது? ஃபிஃபாவில் 211 உறுப்பினர்கள். ஐ.நா.வில்கூட 193 நாடுகள்தானே என்று கேட்பீர்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் இங்கே தனித்தனி; உலகின் முதல் அதிகாரபூர்வ நாட்டு ஆட்டமே 1872இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடி 0-0 என்று முடிந்ததுதான், பழைய ஆட்கள் என்பதால் அவர்களுக்கு அந்த உரிமை. இந்த 211 பேரும் ஆறு கண்டக் கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டமைப்பும் தகுதிச் சுற்று நடத்தி, தனக்கு ஒதுக்கிய இடங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும். 48 அணிகளாக விரிந்த 2026 உலகக் கோப்பைக்கு ஐரோப்பாவுக்கு 16, ஆப்பிரிக்காவுக்கு 9, ஆசியாவுக்கு 8, தென் அமெரிக்காவுக்கு 6, வட, மத்திய அமெரிக்கா மற்றும் கரீபியனுக்கு போட்டியை நடத்தும் மூன்று நாடுகளையும் சேர்த்து 6, ஓசியானியாவுக்கு 1 என்று பிரித்தார்கள். மீதி இரண்டு இடம், கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப் ஆடி வருபவர்களுக்கு.

புதிதாக வருபவர்கள் தகுதிச் சுற்றைப் பார்ப்பதே இல்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஏனென்றால் நாடகமே அங்கேதான் இருக்கிறது. தென் அமெரிக்காவில் பத்து நாடுகள், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் சொந்த ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று என்று மொத்தம் 18 ஆட்டம். பொலிவியா அணி வழக்கமாக ஆடிவந்த லா பாஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே போய் ஓடினால் மூச்சு வாங்கும். 2009இல் மரடோனா பயிற்சியாளராக இருந்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா அங்கே 6-1 என்று தோற்றது. ஐரோப்பாவில் இன்னும் கொடுமை. 2021 ஜூலையில் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையை வென்ற இத்தாலி, அடுத்த மார்ச்சில் பலெர்மோவில் தன் சொந்த ரசிகர்கள் முன்னிலையில், 20 லட்சம் பேர்கூட இல்லாத வட மாசிடோனியாவிடம் கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கி, 2022 உலகக் கோப்பைக்கே வராமல் போனது. நான்கு முறை உலகக் கோப்பை வென்ற நாடு அது, 2018க்கும் வரவில்லை. மறுபக்கம் கரீபியன் தீவான குராசோ, சுமார் ஒன்றரை லட்சம் பேர், நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்தைவிடக் குறைவு. 2025 நவம்பரில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 0-0 என்று தாக்குப்பிடித்து 2026க்கு இடம் பிடித்தது. மக்கள்தொகையில் இதைவிடச் சிறிய நாடு அதுவரை உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதில்லை.

உலகக் கோப்பை தவிர ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு கோப்பை உண்டு. தென் அமெரிக்காவின் கோப்பா அமெரிக்கா 1916இல் தொடங்கியது, உலகக் கோப்பையைவிட 14 ஆண்டு மூத்தது. ஆசியக் கோப்பை 1956, ஆப்பிரிக்கக் கோப்பை 1957, யூரோ 1960. இந்தியா 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம், நான்கே அணிகள் ஆடிய போட்டிதான் என்றாலும்.

இனி கணக்குப் பகுதி. நான்கு அணிகள் ஒரு குழு. ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் ஒரு ஆட்டம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. முதல் இரண்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். புள்ளி சமமாக இருந்தால்? 2022 வரை உலகக் கோப்பையில் முதலில் பார்த்தது கோல் வித்தியாசம், அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது. அதுவும் சமம் என்றால் யார் அதிக கோல் போட்டார்கள் என்பது. (யூரோவிலும், 2026 முதல் உலகக் கோப்பையிலும் முதலில் அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் ஆடியபோது யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். இந்த வரிசை போட்டிக்குப் போட்டி மாறும், அந்தந்தப் போட்டியின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.)

காகிதத்தில் இது சாதுவாகத் தெரியும். ஆடும்போது எப்படி இருக்கும் என்பதற்கு 2022 கத்தார் உலகக் கோப்பையின் ‘இ’ குழு: ஸ்பெயின், ஜெர்மனி, ஜப்பான், கோஸ்டாரிகா. முதல் ஆட்டத்தில் ஜப்பான் ஜெர்மனியை 2-1 என்று கவிழ்த்தது. ஸ்பெயின் கோஸ்டாரிகாவை 7-0 என்று துவைத்தது. அடுத்து, அந்த ஏழு கோல் வாங்கிய கோஸ்டாரிகா, ஜெர்மனியை ஜெயித்த ஜப்பானை 1-0 என்று வென்றது. ஸ்பெயினும் ஜெர்மனியும் 1-1. கடைசி நாள், டிசம்பர் 1, இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். ஜப்பான் ஒரு கோல் பின்தங்கியிருந்து, இடைவேளைக்குப் பிறகு மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டு ஸ்பெயினை 2-1 என்று முந்தியது. அங்கே இன்னொரு மைதானத்தில் கோஸ்டாரிகா 70ஆவது நிமிடத்தில் ஜெர்மனியை 2-1 என்று முந்திவிட்டது. அந்தக் கணத்தில் பட்டியலைப் பார்த்தால் ஜப்பான் 6, கோஸ்டாரிகா 6, ஸ்பெயின் 4, ஜெர்மனி 1. இரண்டு முன்னாள் உலக சாம்பியன்களும் வெளியே! மூன்று நிமிடம் நீடித்தது இது. அப்புறம் ஜெர்மனி மூன்று கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தது, ஆனாலும் பயனில்லை. ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் தலா 4 புள்ளி, கோல் வித்தியாசத்தில் ஸ்பெயினுக்கு +6, ஜெர்மனிக்கு +1. முதல் நாள் போட்ட அந்த ஏழு கோல்தான் ஸ்பெயினைக் காப்பாற்றியது. ஏற்கெனவே நான்கு கோல் முன்னிலையில் இருக்கும் அணி இன்னும் எதற்கு ஓடுகிறது என்று யாராவது கேட்டால் இந்தக் குழுவைக் காட்டலாம்.

ஜப்பானின் அந்த இரண்டாவது கோலுக்கு முன்னால், எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது போலத் தெரிந்த பந்தை மிட்டோமா திருப்பி உள்ளே தட்டினார். தரையில் பந்து கோட்டைத் தாண்டித்தான் கிடந்தது, ஆனால் மேலிருந்து பார்த்தால் பந்தின் வளைவு ஒரு நூலிழை கோட்டின் மேல் நிற்கிறது. விதிப்படி முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் வெளியே. வீடியோ நடுவர் பார்த்து கோல் என்றார். செல்லாது என்று சொல்லி, மற்றது எதுவும் மாறாமல் ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தால் ஜப்பான் வெளியே, ஜெர்மனி உள்ளே.

கடைசி இரண்டு ஆட்டங்களும் ஏன் ஒரே நேரத்தில் என்று யோசித்திருந்தால், அதற்கு ஓர் அசிங்கமான காரணம் இருக்கிறது. 1982இல் ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அதே குழுவின் அல்ஜீரியா முந்தைய நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனியையே 2-1 என்று வீழ்த்திய அணி அது. ஜெர்மனி ஒன்றிரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இரண்டுமே மேலே போகலாம், அல்ஜீரியா வெளியேறும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு, ஊருக்குள் வாக்கிங் போகிற மாதிரி பந்தை இங்கும் அங்கும் தட்டிக்கொண்டிருந்தார்கள். 1-0. அல்ஜீரிய ரசிகர்கள் பண நோட்டுகளைக் காட்டிக் கத்தினார்கள். எந்த விதியும் மீறப்படவில்லை என்பதால் முடிவு நின்றது, ஆனால் 1986 முதல் ஒரு குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில்தான்.

எல்லாமே சமமாகிவிட்டால் மஞ்சள் அட்டைவரை போகும். 2018இல் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், போட்ட கோல் எல்லாவற்றிலும் சமம், அவர்கள் இருவரும் ஆடியதும் 2-2 டிரா. ஜப்பானுக்கு 4 மஞ்சள் அட்டை, செனகலுக்கு 6. ஜப்பான் போனது, செனகல் வீட்டுக்கு.

அடுத்து, சமீப காலத்தில் அதிகம் பேரைக் குழப்பும் விஷயம், மூன்றாம் இட அணிகள். 2026 வடிவத்தில் 48 அணிகள், 12 குழு. ஒவ்வொரு குழுவிலும் முதல் இருவர், அதாவது 24 அணிகள். நாக் அவுட்டுக்கு 32 வேண்டும். ஆக, 12 மூன்றாம் இட அணிகளில் சிறந்த 8 அணிகளையும் சேர்த்துக்கொள்வார்கள். யூரோவில் 2016 முதல் இதே முறைதான், சிறிய அளவில். அந்த ஆண்டு போர்ச்சுகல் குழுவில் மூன்று ஆட்டமும் டிரா, மூன்றாம் இடம், கடைசியில் கோப்பையே அவர்களுக்கு. இதைவிட சுவாரசியம் 2024 ஜனவரியில் தொடங்கிய ஆப்பிரிக்கக் கோப்பை. போட்டியை நடத்திய ஐவரி கோஸ்ட் சொந்த ரசிகர்கள் முன்னால் எக்குவடோரியல் கினியாவிடம் 4-0 என்று தோற்றது, பயிற்சியாளர் வேலை போனது, இன்னொரு குழுவின் முடிவுக்காகக் காத்திருந்து, மொராக்கோ ஸாம்பியாவை ஜெயித்த புண்ணியத்தில் மூன்றாம் இட அணியாக உள்ளே நுழைந்தது. அப்புறம் உதவிப் பயிற்சியாளராக இருந்த எமெர்ஸ் ஃபாயே அணியைக் கையிலெடுக்க, செனகல், மாலி, காங்கோ ஜனநாயகக் குடியரசு, இறுதியில் நைஜீரியா என்று வரிசையாக வீழ்த்திக் கோப்பையை வாங்கிவிட்டார்கள்.

கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இந்த முறை எனக்கு முழுதாக உவப்பில்லை. 32 அணிகள் இருந்த காலத்தில் குழுச் சுற்றின் 48 ஆட்டங்களில் பாதி அணிகள் கழிந்தன. புதிய வடிவத்தில் 72 ஆட்டம் ஆடி 16 அணிகளைத்தான் கழிக்கிறார்கள், மூன்றில் ஒரு பங்கு. ஒரு ஆட்டம் ஜெயித்தால் அநேகமாகத் தப்பித்துவிடலாம் என்றால் கத்தாரில் பார்த்த அந்தப் பதற்றம் எங்கிருந்து வரும்? இன்னொரு பக்கம், 32 என்றே வைத்திருந்தால் ஜோர்டான், உஸ்பெகிஸ்தான், கேப் வெர்டே, குராசோ எல்லாம் 2026இல் முதல்முறையாக வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நாக் அவுட்டில் கணக்கு கிடையாது. 90 நிமிடத்தில் சமம் என்றால் 30 நிமிடம் கூடுதல், அதிலும் சமம் என்றால் பெனால்டி ஷூட்-அவுட், தலா ஐந்து உதை, அதிலும் தீராவிட்டால் ஒவ்வொன்றாக. 2022 வரை ஆண்கள் இறுதிப்போட்டி மூன்று முறை இப்படி முடிந்திருக்கிறது: 1994, 2006, 2022. கடைசியாகச் சொன்னதில் எம்பாப்பே மூன்று கோல் போட்டும் பிரான்ஸ் அர்ஜென்டினாவிடம் தோற்றது.

உலகக் கோப்பைக்கு இவ்வளவு கூட்டம் எப்படிச் சேர்ந்தது? 1930இல் உருகுவேயில் முதல் உலகக் கோப்பை நடந்தபோது வந்தவை 13 அணிகள். இறுதிப்போட்டியில் எந்தப் பந்தில் ஆடுவது என்று சண்டை வந்து, முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்து, இரண்டாம் பாதி உருகுவேயின் பந்து என்று சமாதானம் ஆனார்கள். (இடைவேளையில் அர்ஜென்டினா 2-1 முன்னிலை, முடிவில் உருகுவே 4-2. பந்துதான் காரணமோ என்னவோ.) அங்கிருந்து இன்றுவரை வந்த வழியில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமல்ல. அமெரிக்கா கால்பந்து பார்க்காத நாடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், 1994இல் அங்கே நடந்த உலகக் கோப்பைக்கு மைதானங்களுக்கு வந்தவர்கள் மொத்தம் கிட்டத்தட்ட 36 லட்சம் பேர். வெறும் 52 ஆட்டத்துக்கு. 2022 வரை அந்தச் சாதனையை வேறெந்த நாடும் முறியடிக்கவில்லை. ஒரு தேசிய லீக் தொடங்குவோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்தப் போட்டியை நடத்தும் வாய்ப்பை வாங்கினார்கள். அப்படி 1996இல் ஆரம்பித்த லீக்கில்தான் 2023 முதல் மெஸ்ஸி ஆடுகிறார்.

பெண்கள் கால்பந்தின் வளர்ச்சி தனிக் கதை. 1920இல் லிவர்பூலில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது, அது நீங்க சுமார் 50 ஆண்டு ஆயிற்று. பெண்கள் உலகக் கோப்பை 1991இல் சீனாவில்தான் தொடங்கியது. 2022இல் லண்டன் வெம்ப்ளியில் பெண்கள் யூரோ இறுதிப்போட்டிக்கு வந்தவர்கள் 87,192 பேர், ஆண்கள் யூரோவின் எந்த இறுதிப்போட்டிக்கும் அதுவரை அவ்வளவு பேர் வந்ததில்லை. 2023 உலகக் கோப்பைக்கு மொத்தம் 20 லட்சத்துக்குச் சற்றே குறைவு. ரசிகர்கள் இல்லாததால் பெண்கள் கால்பந்து வளரவில்லை என்று இன்னமும் சொல்பவர்களுக்கு, வந்த ரசிகர்களைக் கதவைச் சாத்தி அனுப்பிய வரலாறு தெரியாது.

நம் பக்கத்து ரசிகர்கள் இன்னொரு ரகம். சொந்த அணி உலகக் கோப்பையில் இல்லை, அதனால் ஒரு நாட்டைத் தத்தெடுத்துக்கொள்கிறார்கள். 2022இல் கோழிக்கோடு அருகே புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் வைத்த பிரம்மாண்ட கட்-அவுட்டுகளை உலகமே பார்த்தது. பங்களாதேஷில் 1986 மரடோனா காலத்திலிருந்தே அர்ஜென்டினா பித்து. அந்த 2022 வெற்றிக்குப் பிறகு, 1978இல் மூடிய தன் தூதரகத்தை அர்ஜென்டினா டாக்காவில் 2023 பிப்ரவரியில் மறுபடியும் திறந்தது. கால்பந்து ரசிகர்கள் போட்ட கூச்சல் ஒரு வெளியுறவு அமைச்சரை விமானம் ஏற வைத்தது என்றே சொல்லலாம்.

இந்தியாவுக்கு ஒரே ஒரு வாய்ப்பு வந்தது, 1950இல். தகுதிச் சுற்றில் எதிரணிகள் விலகியதால் ஆடாமலேயே இடம் கிடைத்தது, ஆனால் அணி பிரேசிலுக்குப் போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடவில்லை, அதனால் போகவில்லை என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், நம்பத்தான் முடியாது. அணித் தேர்வில் ஒத்துப்போகவில்லை, பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்பவைதான் அப்போது சொன்ன காரணங்கள். ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணமும் அன்று இருந்தது.

முதல் போட்டியின் நூற்றாண்டான 2030இல் உலகக் கோப்பையை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. நூற்றாண்டு நினைவாக உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேயில் தலா ஒரு ஆட்டம் வைத்திருக்கிறார்கள். ஆக ஒரே போட்டி, மூன்று கண்டம், ஆறு நாடு. உருகுவேயின் மோன்டேவிடியோவில் முதல் ஆட்டம் ஆடும் அணியைப் பின்தொடர நினைக்கும் ரசிகர், அடுத்த ஆட்டத்துக்கு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். விசாவுக்கு இப்போதே அலைய ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.